ஏழு பேர் எழுதிய சிட்னி

"பொட்டப்புள்ள படிச்சு யாருக்குப் பதில் சொல்லப்போவுது?" என்று பெரியப்பா ஒருமுறை என்னைப் பார்த்துக் கேட்டார்.

சங்கரன்கோவிலில் பஸ்ஸுக்கு நின்றபோது, பக்கத்தில் இருவர் ஒரு வினாடி வினாத் தாளோடு குழம்பிக்கொண்டிருந்தார்கள். அது பேனா நண்பர் குழு ஒன்றில், ஒவ்வொருவரும் விடை எழுதி அடுத்தவருக்கு அனுப்ப, தபாலில் ஊர் ஊராகச் சுற்றிவரும் தாள்.

"ஆஸ்திரேலியாவுக்குத் தலைநகரம் கான்பெரான்னு நெனைக்கேன். முகம் பாக்காத ஏழு பேரும் சிட்னின்னு எழுதியிருக்கானுவளே, அண்ணாச்சி!"

"முத ஆளப் பாத்து மத்தவன் எழுதியிருப்பான்லே."

"அப்ப எது சரி?"

"எனக்குச் சிட்னியே இப்பத்தான் தெரியும்."

"தப்பாப் போச்சுன்னா குழுவே சிரிக்கும்."

"அப்ப ஏழு பேரோட சேந்து தப்புப் பண்ணு."

தாள்காரர் தான் எழுதியிருந்த கான்பெராவை அடித்துச் சிட்னி என்று எழுதினார். அடுத்தவரின் விலாசத்தை உரக்கச் சொல்லியபடி உறையில் எழுதினார்.

அதே விலாசத்துக்கு நானும் கார்டு போட்டுவிட்டேன்: "கான்பெராதான். உங்கள் குழுவில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்."