ரோமாவின் காதுகள்

நாய்களைப் படமெடுப்பதில் பெரிய தொல்லை காதுதான். முகம் எவ்வளவு லட்சணமாக இருந்தாலும், காது தொங்கினால் படம் செத்துவிடும். அதற்காகவே, அமுக்கினால் கீச்சென்று கத்தும் ரப்பர் பந்து விற்கிறார்கள். ஃப்ரேசர் டவுனில் ஒன்று வாங்கி எல்லைக்கு எடுத்துப் போனேன்.

சண்டை நடந்த மாதங்கள் முழுக்க ராணுவ நாய்களோடு அலைந்தேன். எனக்குக் கிடைத்ததெல்லாம் நாய் தூங்குவது, நாய் சோறு தின்பது. நாய்க் கண்காட்சிக்கா போயிருக்கிறாய் என்று என் பத்திரிகை ஆபீஸில் கேலி செய்தார்கள். எனக்கு அலுத்துவிட்டது. அதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

நாயை நடத்தும் சிப்பாய் ஃபிராங்க்ளின், ஊரில் மர்பி டவுன்காரன்; நான் பக்கத்திலேயே காக்ஸ் டவுன். எல்லையில் அவன் தமிழில் பேச நான் ஒருவன்தான் இருந்தேன். கண்ணிவெடி தேடும் ரோமா அவன் கையில் பழகிய நாய். அவளுக்கும் அதே மாதிரி ஒரு பந்து உண்டு. வேலை முடிந்த பிறகுதான் கொடுப்பான். என் பையில் பந்தைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது.

"அத வெளிய எடுக்காத மச்சா. சத்தம் கேட்டா வேல முடிஞ்சுதுன்னு நேரா ஓடி வந்துடுவா. அவ போனா நானும் பின்னாடியே போவேன்."

சரி என்றேன்.

மறுநாள் காலை இருவரும் ஒரு வயலைச் சோதித்தார்கள். எதிர்ப்பக்கம், ஏற்கெனவே சோதித்த பாதையில், வெளிச்சம் பார்த்து நின்றேன். நடுவில் இன்னும் சோதிக்காத நிலம். பந்தை அமுக்கினேன்.

கயிற்றை அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ரோமா ஓடி வந்தாள். அவள் கால் எதன்மீதும் படவில்லை. என் முன்னால் உட்கார்ந்து, காதை நிமிர்த்தி வாலாட்டினாள், பாவம். ஃபிராங்க்ளின் வந்து சேரவில்லை.

அவன் ஓடி வரும் அந்தப் படம்தான் இப்போது ரிச்சர்ட்ஸ் டவுன் புகைப்படக் கண்காட்சியில் வாசலிலேயே மாட்டியிருக்கிறது. அவன் மனைவி நோரா நேற்று அங்கே வந்தாள்.

"அவர் கயித்த விட்டுட்டார்னு ஆர்மி ரிப்போர்ட்ல எழுதிட்டாங்கண்ணா. அவர் மேலதான் தப்பாம். நீங்கதான அங்க இருந்தீங்க, ஒரு வார்த்த சொல்லுங்க."

கேமராவில் கண் வைத்திருந்தேன், கயிற்றைக் கவனிக்கவில்லை என்றேன். படத்தைப் பெரிதாகப் போட்டு, ஃபிரேம் செய்து தருவதாகவும் சொன்னேன். எனக்கும் வருத்தம் இருக்கிறது. ஆனால் நான் கேட்டது நாயின் காதை மட்டும்தான்.

நோரா படத்தை வெகுநேரம் பார்த்தாள். "ரோமா ஏண்ணா மங்கலா இருக்கா? அவர் மட்டும் இவ்ளோ தெளிவா இருக்காரு?"

அவன் பின்னாடியே வருவான் என்று அவனே சொல்லியிருந்தான். பந்தை அமுக்கும் முன்பே, அவன் வரப்போகும் இடத்தில் ஃபோகஸ் வைத்துவிட்டேன்.