காற்று போட்டவள்

இந்த ஆர்கன் வாத்தியம் திடீரென்று "பூம்ம்ம்" என்று அலறியதும் உங்கள் யூனிஃபார்மில் காபி கொட்டிவிட்டது, இன்ஸ்பெக்டர் அம்மா. துவைத்தால் போய்விடும். வாசிக்கும் பெஞ்சில் யாருமே இல்லையே என்றுதான் பயந்திருப்பீர்கள்.

அதன் சரித்திரம் சாதாரணமானது. ராஜபாளையத்தில் பஞ்சு வியாபாரம் செய்த வெள்ளைக்காரர் ஒருவர் மனைவிக்காகக் கப்பலில் வரவழைத்தார். ஊர் திரும்பும்போது என் தாத்தாவுக்கு விற்றார். மாட்டுவண்டியேறி ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தது. பீரோ உயரம்தான். தாத்தா வாசித்தார், அப்பா வாசித்தார், பிறகு நான்.

குழாய்கள் பாட வேண்டுமானால் பின்னறையில் ஒருவர் துருத்தியை அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது மருமகள்கள் வேலை. துருத்தியின் கிரீச்சொலி பாட்டைக் கெடுக்காதிருக்க, அந்தச் சுவர்களில் கழிவுப் பஞ்சு அடைத்திருக்கிறோம். பாட்டு முடியும்வரை கதவுக்கு வெளித் தாழ்ப்பாள் போட்டிருப்போம். உள்ளே கத்தினாலும் கேட்காது. கதவைத் தட்டினால் வாசிக்கும் பெஞ்சுக்கு மட்டும் லேசாகக் கேட்கும்.

என் மனைவி பரிபூரணம் கல்யாணமான நாளிலிருந்து காற்று போட்டாள். மூச்சிளைப்புக்காரி. போன கிறிஸ்துமஸ் அன்று அந்த அறையிலேயே போய்ச் சேர்ந்தாள். தெருவே வந்து அழுதது.

நேற்று பெலிக்ஸ் வந்தான். பழைய ஆர்கன்களைப் பற்றி எழுதுகிறவன், கலகலப்பானவன். "வாசிச்சவுக பேரெல்லாம் சொல்லிட்டீங்க ஞானரத்தினம் சார். காத்து போட்டவுக பேரு?" என்று சிரித்தபடியே பின்னறைக்குள் போனான். பரிபூரணம் பேரையும், அவள் போய்ச் சேர்ந்தது அங்கேதான் என்பதையும் சொன்னேன்.

"கதவுல உள்பக்கம் எதுக்கு சார் இம்புட்டு நகக்கீறல்?"

வெளித் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டேன்.

கெட்டிக்காரன். துருத்தியை அமுக்கிக்கொண்டு உள்ளேயிருக்கும் கம்பியை இழுத்தால் குழாய் ஊதும் என்று கண்டுபிடித்துவிட்டான். நேற்று மாலையிலிருந்து விட்டுவிட்டு ஊதினான். நான் பைபிளில் சங்கீதம் வாசித்து ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு ஞானபாக்கியம் ஜன்னல் வழியே, "இப்பம் யாரு அண்ணாச்சி உங்களுக்குக் காத்து போடுதா? ரகசியமா கல்யாணம் முடிச்சிட்டியளா?" என்று கேலி செய்தாள். வாசலில் நின்ற அவன் பைக்கைப் பற்றி உங்களுக்குச் சொன்னதும் அவளாகத்தான் இருக்கும்.

கதவைத் திறந்து நீங்கள் இழுத்துப் போட்டபோது அவனுக்கு மூச்சு இருந்தது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம். எழுந்து உட்காரக்கூட முடியாமல் என்னைத்தான் பார்த்தான்.

"அன்னைக்கு அந்தம்மா கதவைத் தட்டலையா சார்?"

"தட்டுனா தம்பி. ரெண்டு சரணம் மிச்சம் இருந்துச்சு. காத்து நின்ன பொறவு வாயாலயே பாடி முடிச்சிட்டு, உடனே போய்த் தொறந்தேனே."