மலேரியாவுக்கு நெய் தோசை

பூந்தமல்லியிலிருந்து கிளம்பிய பேருந்தில் என் முன்னிருக்கையில் இரண்டு பெண்கள். இளையவள் ஆரம்பித்தாள்.

"எங்க ஊட்டுக்காரரு மலேரியாவ வுட மாட்டேன்றாருக்கா."

"இன்னாடி சொல்ற?"

"டாக்டரு குடுத்தது மரிக்கொழுந்து மாரி ஒரு செடிலேர்ந்து எடுத்த மாத்திரையாம். ரத்தத்துல கிருமி திங்கற எடத்துல கீற இரும்பு பட்டதும் வெடிச்சு, கிருமிய சாவடிச்சுடுமாம். கொழுப்பான சாப்பாட்டோட போட்டாதான் ஒடம்புல சேருமாம். அதான் வேளாவேளைக்கு நெய் தோசை ஊத்தினேன்."

"நல்லதுதானே?"

"தோசைய தின்னுட்டு மாத்திரைய தலகாணி ஒறைல ஒளிச்சு வெச்சுகீறாரு! மாத்திரை தீந்தா தோசை நின்னுடுமாம்."

"ஐயோ, முழுசா போடலேன்னா காய்ச்சல் திரும்பிடுமேடி!"

"இனிமே மாத்திரை தொண்டைல எறங்கினப்புறம்தான் கல்லையே அடுப்புல வெப்பேன்."

வானகரத்தில் எழுந்த அக்கா குனிந்து சொன்னார்: "எங்க ஊட்டுக்காரரு காதுல மட்டும் இத போட்டுடாதே."