கடலோரக் கடையா, சந்துக் கடையா

நம் பக்கம் மதுவிலக்கு இருந்த காலம். குடிக்கிறவர்கள் பாண்டிச்சேரிக்குத்தான் பஸ் ஏற வேண்டும். ஒரு நாள் செஞ்சியில் ஏறிய பாண்டி பஸ்ஸில் எனக்குப் பின்சீட்டில் கோவிந்தன், சூசை என்று இரண்டு சிநேகிதர்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்ப்பது மரியாதையும் இல்லை.

"செஞ்சியில குடிச்சாத்தான் மச்சான் சாமி குத்தம். பாண்டி வேற ராஜ்யம்," என்றான் கோவிந்தன்.

"இனிமே குடிக்கமாட்டேன்னு மலையனூர் அங்காளம்மன் எதிர்க்க, பொண்டாட்டி தலையில அடிச்சில்ல சத்தியம் பண்ண?"

"ஆத்தா எல்லை செஞ்சியோட முடிஞ்சிதுடா சூசை. நீ கடையைச் சொல்லு."

"மார்க்கெட் சந்துக் கடையில வறுத்த எறா நல்லா இருக்கும். பீருதான் சுடுதண்ணி."

"வேணாம், வேணாம்."

"அப்ப கடலோரக் கடை. பாட்டிலை ஐஸ் பொட்டியில போட்டு வெச்சிருப்பான். தொட்டா கையி மரத்துப்பூடும்!"

"ஐயோ, அங்கதான்டா! அங்கதான்!" கோவிந்தன் குதித்ததில் என் சீட்டும் ஆடியது.

டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டர் நிமிராமலே சொன்னார்: "நல்ல கடைதான். எதிர்லயே அங்காளம்மன் கோயிலு இருக்குது."

திண்டிவனம் தாண்டிய பிறகுதான் கோவிந்தன் மெல்லக் கேட்டான்:

"மச்சான், அந்தச் சந்துக் கடை பீரு ரொம்பவா சுடும்?"