மாமன் உக்காந்த கல்லு

ரொம்ப காலத்துக்கு முந்தி, காரைப் பிளசர்னு சொல்லிக்கிட்டிருந்த காலத்துல, வெள்ளோடைன்னு ஒரு ஊரு. அந்த ஓடைக்கரையில ஆவுடைத்தாய்னு ஒருத்தி கொல்லம்பட்டறை வச்சிருந்தாளாம். புருசன் போனப்புறம் சுத்தியல அவளே கையில எடுத்துக்கிட்டா. வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா மாட்டுததுல அவளை அடிச்சுக்க ஆளில்லேன்னு சொல்லுவாவ.

ஒரு நாள் காலையில கல்யாணப் பிளசர் ஒண்ணு ஓடையில எறங்குச்சாம். எறங்குனது எறங்குனதுதான். பின்னால வண்டியத் தாங்குத வில்பட்டை படார்னு முறிஞ்சு, வண்டி ஒருச்சாஞ்சு நின்னு போச்சு. உள்ள யாரு? கல்யாணப் பொண்ணு கோமு, அவ தாய்மாமன் வீரபாகு அண்ணாச்சி, டிரைவர் சூசை. முகூர்த்தம் பத்தரைக்கு. மாப்பிள்ளை ஊரு இன்னும் எட்டு மைலு. நேரம் தவறுனா கல்யாணமே இல்லேன்னு சொல்லுத சம்பந்தக்காரங்க.

மாத்துப் பட்டை சூசைகிட்ட இருந்துச்சு. பழசக் கழட்டணும்லா? சக்கரத்தை உருவி, கல்ல முட்டுக் கொடுத்து, அடியில போய்ப் படுத்தான். நட்டு துருப்பிடிச்சுக் கெடக்கு. ஸ்பேனரைப் போட்டு இடமா ஒரு தம் கட்டுனான். அம்புட்டுத்தான், அண்ணாச்சி அவன் பக்கத்துல தலைய விட்டுட்டாரு.

“எலே சூசை! நல்ல காரியத்துக்குப் போறோம், இடமாவா திருப்புத? வலமா சுத்துலே!”

“வலமா சுத்துனா இறுகும் அண்ணாச்சி.”

“கோயில வலமாத்தான சுத்துதோம்? எதுலே இறுகிப் போச்சு?”

சூசை வலமாவே சுத்துனான். இறுக்குனான், இறுக்குனான், இறுக்கிக்கிட்டே கெடந்தான். நட்டோட மூலையெல்லாம் மழுங்கி எலந்தப்பழமாட்டம் உருண்டு போச்சாம். ஸ்பேனர் பிடிக்கவே மாட்டேங்கு.

ஆவுடைத்தாய் வந்து குனிஞ்சு பாத்தா. பிளசருக்கு அடியில அவ பாக்குதது அதான் மொதத் தடவை. ஆனா இரும்பு இரும்புதான? அரத்த எடுத்து நட்டோட ரெண்டு பக்கத்தையும் தட்டையாத் தேச்சா. வேப்பெண்ணெய விட்டா.

“சக்கரப் பட்டாவுக்குக் காய்ச்சுத மாதிரிதான். சூடு பட்டா நட்டு விரியும், பிடி விடும். துருத்தி ஊத ஒரு ஆளு வேணும்.”

“நான் வாரேன்!”ன்னு கோமு பட்டுச்சேலைய இழுத்துச் செருவிக்கிட்டு எறங்கிட்டா.

“ஏட்டி, மணப்பொண்ணு கரியள்ளவா போற?”ன்னு மாமன் கத்துதாரு.

“கல்யாணம் எனக்குல்லா மாமா!”ன்னு சொல்லிக்கிட்டே ஊதுதா.

இரும்புத்துண்டு பழுத்துச்சு. இடுக்கியில கொண்டாந்து நட்டுமேல வச்சு அமுக்குனா ஆவுடைத்தாய். புகை கெளம்புச்சு. சூசை நீளக் கம்பி மாட்டுன ஸ்பேனரைப் போட்டு இடமாத் திருப்பப் போனான். “லேய்! இடம்!”னு அண்ணாச்சி வந்து கம்பியப் பிடிச்சுக்கிட்டாரு. அவரு விடல, சூடு ஆறுது, மணி ஒம்பதரை.

ஆவுடைத்தாய்க்கு வந்த கோவத்துக்குச் சுத்தியல அவரு தலையில போட்டிருப்பா. போடல. பட்டைக்கு அந்தப் பக்கம், சூசைக்கு எதுத்தாப்புல கரையில கெடந்த கல்ல முந்தானையால தொடச்சா.

“அண்ணாச்சி, பெரியவங்க புழுதியில குந்தலாமா? இங்ஙன உக்காந்து நீங்களே பாத்துச் சொல்லுங்க. வலமாச் சுத்தலேன்னா உடனே நிறுத்திருதோம்.”

அண்ணாச்சிக்கு மனசு குளுந்து போச்சு. போய்ச் சம்மணம் போட்டு உக்காந்தாரு. இவ திரும்ப இரும்பக் காய்ச்சி வச்சா. “திருப்புலே சூசை!” அவன் இடமாத்தான் திருப்புனான்.

“எந்தப் பக்கம் சுத்துது அண்ணாச்சி?”ன்னா ஆவுடைத்தாய்.

எதுத்தாப்புல இருந்து பாக்குதவருக்கு இடம் வலமாத்தான தெரியும்? “வலமாத்தான் சுத்துது! இத மொதல்லயே செஞ்சிருந்தா?”ன்னு சூசைய முறைச்சாராம். க்ரீச்னு ஒரு சத்தம். நட்டு கழண்டுட்டு. மாத்துப் பட்டையப் போட்டு, சக்கரத்த மாட்டி, சூசை வண்டிய வெரட்டுனான்.

மூக்குல கரியோட கோமு மணவறையில ஏறையில பத்து இருபத்தஞ்சுன்னு சொல்லுவாவ.

இன்னைக்கும் வெள்ளோடை வழியாக் கல்யாண வண்டி போனா நிக்கணும். தாய்மாமன அந்தக் கல்லுல உக்கார வச்சு, வெத்திலையக் கையில கொடுத்து, “எந்தப் பக்கம் சுத்துது?”ன்னு கேக்கணும். அவரு “வலம்”னாத்தான் வண்டி கெளம்பும். கல்லுக்குப் பேரே மாமன் உக்காந்த கல்லு.

வேலை பாத்தவ ஒருத்தி, பேரு உக்காந்தவருக்கு! இத ஆவுடைத்தாய்கிட்டயே கேட்டாவளாம்.

“இருந்துட்டுப் போட்டும்யா. அவரு உக்காந்த பொறவுதான வேலை நடந்துச்சு?”ன்னாளாம்.