ரெண்டு அட்டை மாத்திரை

— இப்படிக் கிட்ட வா டாக்டர் கண்ணு, நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காரு. நான் விழுந்த கதையைச் சொல்றேன், ஒரு வரி விடாம.

— சொல்லுங்கம்மா. படுத்த வாக்குலயே சொல்லுங்க, பிரஷர் பார்த்துக்கறேன்.

— இருபது நாளா இந்தத் தலை என் பேச்சைக் கேக்கல கண்ணு. கட்டிலை விட்டு எழுந்தாப் போதும், என் தையல் மெஷின் சக்கரத்துல ஏத்தி விட்ட மாதிரி அறையே சுத்துது. முந்தாநாள் அலமாரி மேல சாஞ்சேன், பாவம், அது தாங்கிச்சு. இன்னைக்கு அதுவும் கைவிட்டுடுச்சு.

— அத்தை இப்படித்தான் சிரிச்சுக்கிட்டே சொல்வாங்க டாக்டர். மூணு தடவை விழுந்தாச்சு, நெத்தியைப் பாருங்க. இனிமே தனியா விட முடியாது. வேலையை விடறேன்னு கடிதம் எழுதி வச்சுட்டேன். இங்கிருந்து நேரா அச்சகத்துக்குப் போய்க் குடுத்துடுவேன்.

— கேளு கண்ணு, பதினாறு வருஷ வேலை! பிழை திருத்தறதுல என் மருமகளை அடிச்சுக்க ஆளில்ல. நான் தள்ளாடுறதுக்கு இவ வேலை போகணுமா?

— உங்க வீட்டுக்காரர் என்னம்மா சொல்றார்?

— அதை அத்தையோட பிள்ளையைத்தான் கேக்கணும் டாக்டர்.

— ரெண்டும் பேசிக்கறதில்ல கண்ணு. மூணு வாரம் முன்னாடி, ஒரு வார்த்தை கேக்காம இவ ஸ்கூட்டரை அவன் வித்துட்டான். அன்னையிலேருந்து எங்க வீட்டுல மிக்சி ஓடினாத்தான் சத்தம்.

— அத்தை! இதையெல்லாமா இங்க சொல்வாங்க?

— சரி, சரி. அம்மா, இப்ப மெதுவா எழுந்து நில்லுங்க, நான் பிடிச்சுக்கறேன்... ம். படுத்திருந்தப்ப நூத்தி இருபது, நின்னதும் தொண்ணூறு. பிரஷர் மாத்திரை எப்ப சாப்பிடறீங்க?

— காலையில ஒண்ணு டாக்டர். எட்டு மணிக்கு நான் கிளம்பறதுக்கு முன்னாடி என் கையாலேயே குடுப்பேன். இந்த மூணு வாரமா ஒரு நாள் தவறினதில்ல.

— நீங்க ஏம்மா மேல பார்க்கறீங்க?

— ஒண்ணுமில்ல கண்ணு. ஃபேன் நல்லாச் சுத்துது.

— அம்மா.

— ...அவனும் குடுக்கறான்.

— யாரு அத்தை?

— உன் புருஷன்தான். விடியக்காலையில பேக்கரி வேலைக்குக் கிளம்பறப்ப, சட்டைப் பையிலேருந்து அட்டையை எடுத்து, ஒண்ணைப் பிதுக்கி என் வாயில போட்டுட்டுத்தான் போறான்.

— மாத்திரை அட்டை என் கைப்பையிலல்ல இருக்கு!

— அது உன் அட்டை. அவன் தனியா ஒண்ணு வாங்கிட்டான். முன்னெல்லாம், "குடுத்துட்டேன்"னு உன்கிட்ட ஒரு குரல் குடுத்துட்டுப் போவான். இப்ப யார்கிட்ட சொல்வான்?

— ரெண்டையுமா முழுங்கினீங்க? யார்கிட்டயாவது வேண்டாம்னு சொல்லக்கூடாதாம்மா?

— யார்கிட்ட கண்ணு? அவன் கையைத் தள்ளினா "அவ பக்கம் சாஞ்சுட்டே"ம்பான். இவ கையைத் தள்ளினா "பிள்ளை குடுத்தாத்தான் இறங்குமோ"ம்பா. யார் பக்கமும் சாயக்கூடாதுன்னு பார்த்தேன், அலமாரி மேல சாஞ்சேன்.

— அட அத்தை...

— அழாதீங்கம்மா, ரெண்டு மாத்திரையில பிரஷர் ரொம்ப இறங்கிடுது, பெரும்பாலும் இதுதான் காரணம். நாளையிலேருந்து ஒரே ஒரு மாத்திரை. எழுந்ததும் கட்டில் ஓரத்துல உக்காந்து இருபது எண்ணிட்டு அப்புறம் நில்லுங்க. ஒரு வாரம் கழிச்சு வாங்க, மறுபடி பார்க்கறேன். அது வரைக்கும் அந்தக் கடிதம் பையிலயே இருக்கட்டும். ஆனா மாத்திரையை யார் குடுக்கறதுன்னு நீங்களும் உங்க வீட்டுக்காரரும் பேசித்தான் முடிவு பண்ணணும்.

— ஒரு நிமிஷம் டாக்டர்... ஹலோ. ஏங்க, நான்தான்... பதறாதீங்க, அத்தைக்கு ஒண்ணுமில்ல... உங்க சட்டைப் பையில ஒரு அட்டை இருக்காமே... ம்... கோவமெல்லாம் இல்ல. சீக்கிரம் வாங்க, பேசலாம்.

— கேட்டியா கண்ணு? "ஏங்க"ன்னுட்டா! தலை இன்னும் கிறுகிறுன்னுதான் இருக்கு, ஆனா என் வீடு நேரா நின்னுடுச்சு. நீ நல்லா இருக்கணும் தாயி. உன் வீட்டுல மிக்சி நின்ன பிறகும் பேச்சுச் சத்தம் நிக்காம இருக்கணும்.