கியர் உதைக்கிற வண்டி

– அம்மா, நீங்க பின் சீட்டுக்குப் போயிடுங்க. ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கும்போது மெக்கானிக் நான் லீவர் பக்கத்துல இருந்தாதானே கியர் எங்க உதைக்குதுன்னு புரியும்?

– வேணாம் தம்பி, நான் முன்னாடியே இருந்துக்கறேன். பின்னாடி உக்காந்தா எனக்குத் தலை சுத்தும்.

– அடியே, தலை சுத்துறதுக்கு இதுவா நேரம்? எறங்கு. கேட்டியா தம்பி, கல்யாணமான புதுசுல கூட இவ இப்படி ஒட்டிக்கிட்டுத் திரிஞ்சதில்ல. இப்ப நான் பல்பு வாங்கக் கிளம்பினாலும் முன் சீட்டுல வந்து உக்காந்துக்கறா.

– சிரிச்சது போதும். ரோட்டைப் பாத்து ஓட்டுங்க.

– இன்னும் சாவியே போடல, அதுக்குள்ள ரோட்டைப் பாக்கணுமாம்! முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன்கிட்ட சொல்றா. ஒரு கோழிக்குஞ்சு மேல கூட ஏத்தினதில்ல, கேட்டியா.

– கிளம்புங்க ஐயா. நிதானமா... ஆட்டோமேட்டிக் கியர்தானே, ரெண்டு தானா விழுந்துச்சு. மூணு. அட, வெண்ணெய் மாதிரி விழுதே!

– இப்ப நல்ல புள்ள மாதிரி நடிக்கும். திடீர்னு எஞ்சின் ‘ஊ’ன்னு கத்தும். அடுத்தாப்புல எவனோ பின்னாலருந்து எட்டி உதைச்ச மாதிரி ஒரு குலுக்கு. என்னடி இதுன்னு கேட்டா, ‘கியர் கோளாறுங்க’ம்பா.

– ஒண்ணு சொல்லட்டுங்களா? கியர் ஆயில் மாத்தியாச்சு, ஃபில்டர் மாத்தியாச்சு. சென்சார், வயரிங் எல்லாம் சுத்தம். எஞ்சினைத் தாங்குற ரப்பர் மட்டும் பிஞ்சு கெடந்துச்சு. அது தானாப் பிய்யாதுங்க. ஓடுற வண்டியை நியூட்ரலுக்குத் தள்ளி, ஆக்ஸிலேட்டர்லருந்து காலை எடுக்காமலே மறுபடி டிரைவ் கியர்ல போட்டாதான் அப்படி உதைக்கும், அப்படிப் பிய்யும்.

– எந்த மடையன் அப்படிப் பண்ணுவான்?

– அதான் எனக்கும் புடிபடல.

– தம்பி, பேசாம ஒரு மாசம் வண்டியை உங்க ஷெட்டுலயே போட்டுப் பாருங்களேன். எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல.

– அவசரமில்லையாம்! நாளைக்குக் காலைல ஆஸ்பத்திரிலருந்து பொண்ணையும் பேரனையும் யாரு கூட்டிட்டு வர்றது? டாக்ஸிக்காரனா? கேட்டியா தம்பி, பொறந்த புள்ள முதமுதல்ல ஏறப்போறது தாத்தா வண்டியிலதான். நானே ஓட்டி, பூ மாதிரி கொண்டாந்து, வீட்டு வாசல்ல...

– வாசல்ல?

– ஏங்க? ஏங்க!

– ஐயா, முன்னாடி லாரி நிக்குது. பிரேக்கு! ஐயா, பிரேக்கைப் போடுங்க!

– தம்பி, லீவரை நியூட்ரலுக்குத் தள்ளுங்க! தள்ளுங்க! ஸ்டீயரிங்கை ஓரமா ஒடிங்க. இப்ப ஹேண்ட்பிரேக். மெதுவா, மெதுவா இழுங்க!

– ஐயோ, எஞ்சின் கத்துதே! காலை எடுக்கவே மாட்டேங்கறாரே!

– கத்தினா கத்தட்டும். நின்னுடுச்சு பாருங்க. அவரைத் தொடாதீங்க தம்பி. இப்ப வந்துடுவார்.

– அம்மா, கண்ணு தெறந்துதான் இருக்கு. என்னைப் பாக்கவே இல்லையேம்மா...

– ...எறக்கி விடுவேன்ல! என்ன தம்பி, பேயறைஞ்ச மாதிரி முழிக்கற? வண்டி ஏன் ஓரமா நிக்குது? ஆங், எஞ்சின் கத்துது பாத்தியா? இதேதான்! இப்ப டிரைவ்ல போடு, எப்படி உதைக்குதுன்னு பாரு!

– ஐயா, முதல்ல எஞ்சினை அணைங்க. சாவியை எங்கிட்ட குடுங்க.

– எதுக்கு?

– ஒண்ணு சொல்லட்டுங்... என்னால முடியலங்க. அம்மா, நீங்களே சொல்லிடுங்க.

– என்னடி? என்ன சொல்லணும்?

– லாரில மோதப் பாத்தோங்க. நீங்க பேசிக்கிட்டே இருந்தீங்க, பாதியில... இல்லாமப் போயிட்டீங்க.

– தூங்கிட்டேனா? நானா?

– தூங்கினா தட்டி எழுப்பிட மாட்டேனா? கண்ணு முழிச்சிருக்கும், கை ஸ்டீயரிங்கைப் புடிச்சிருக்கும். நீங்க மட்டும் இருக்க மாட்டீங்க. கத்தினாலும் கேக்காது. நான்தான் லீவரைத் தள்ளுவேன். நீங்க திரும்பி வந்ததும் சத்தம் போடாம டிரைவ்ல போட்டுடுவேன். அந்த உதை அதாங்க.

– அம்மா, என்னம்மா இப்படிச் சொல்றீங்க? ரோட்டுல எத்தனை சனம்! டாக்டர்கிட்ட காட்டியிருக்க வேணாமா?

– காட்டினா, இனிமே வண்டியைத் தொடாதீங்கம்பாங்க. வண்டியில்லாத மனுஷனா இவரை நான் பாத்ததே இல்ல தம்பி. பயந்துட்டேன். கியர் மேல பழியைப் போட்டுட்டு, எங்க போனாலும் கூடவே தொத்திக்கிட்டேன். தப்புதான். பெரிய தப்பு.

– பொய்! கேட்டியா தம்பி, அத்தனையும் பொய். போன வாரம் பொண்ணுக்கு வலி எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போனோமே, பாலத்து மேல இதே மாதிரி உதைச்சுது. அன்னிக்கு இவ பையெல்லாம் மடியில வச்சுக்கிட்டு பின் சீட்டுல இருந்தா. அங்கருந்து கை எட்டுமா? சொல்லுடி, எட்டுமா? அன்னிக்கு லீவரைத் தள்ளினது யாரு?

– எனக்கு எட்டலைங்க. வலியில பல்லைக் கடிச்சுக்கிட்டு, ஒரு கையால வயித்தைப் புடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால, முன் சீட்டுல இருந்த நம்ம பொண்ணுதாங்க தள்ளினா.